24 பேர், 3 பயிற்றுநர்கள்: எந்தப் பாடத்தை எந்த முறையில் நடத்துவது?

வகுப்புத்திட்டம் (கேள்வி)

வணக்கம். அலுவலகப் பணியாளர்கள் 24 பேருக்கு ஸ்ப்ரெட்ஷீட் பயிற்சி திட்டமிட வேண்டியிருக்கிறது. மொத்தம் 6 அமர்வுகள், ஒவ்வொன்றும் 2 மணி நேரம். நான்கு நேரில், இரண்டு ஆன்லைனில். பாடம்: செல் முகவரி (பி2, டி1 மாதிரி கட்டத்தின் பெயர்), சூத்திரங்கள், வி-லுக்அப் (ஒரு அட்டவணையில் தேடி விடை எடுக்கும் சூத்திரம்), பிவட் டேபிள் (நீளமான தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை), கடைசியாகத் தாறுமாறாக வரும் தரவைச் சுத்தம் செய்வது.

24 பேரில் சிலர் கூட்டல் சூத்திரம்கூடப் போட்டதில்லை. சிலர் தினமும் பிவட் டேபிளில் புழங்குகிறவர்கள்.

பயிற்றுநர்கள் மூவர். 'அ' நன்றாகப் பேசுவார், கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் நடுவில் நிறுத்த மாட்டார். 'ஆ' மென்பொருளில் கைதேர்ந்தவர். அவர் கீபோர்டில் போகிற வேகத்துக்கு யாராலும் ஈடுகொடுக்க முடியாது. 'இ' பாடத்தில் தெளிவானவர், வகுப்பு எடுத்துப் பழக்கமில்லை.

ஒரு கேள்வித்தாள் கொடுத்து, பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று மூன்று குழுவாகப் பிரித்து, கேட்பவர்களை 'அ'விடமும் செய்பவர்களை 'ஆ'விடமும் விட்டு, பார்ப்பவர்களுக்கு 'இ' வீடியோ போட்டுக் காட்டலாம் என்பது இப்போதைய யோசனை. இது சரிவருமா? இல்லையென்றால் எதை வைத்துப் பிரிப்பது, யாருக்கு எந்த முறையைக் கொடுப்பது?

சாய்வுக்கோடு

அந்தக் கேள்வித்தாளை விட்டுவிடுங்கள். ஆளுக்கு ஆள் பிடித்த முறை உண்டு என்பது உண்மை. பிடித்த முறையில் சொல்லிக்கொடுத்தால் அதிகம் கற்பார்கள் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. பாஷ்லர், மெக்டேனியல், ரோரர், பியார்க் என்ற நான்கு உளவியலாளர்கள் 2008-ல் இதுபற்றிய ஆய்வுகளை மொத்தமாக அலசினார்கள். 'பார்ப்பவர்'களில் பாதிப் பேருக்குப் படமும் மீதிப் பேருக்குப் பேச்சும், 'கேட்பவர்'களிலும் அதே மாதிரி கொடுத்து, ஒரே தேர்வு வைத்துப் பார்த்தால்தான் இந்தக் கொள்கையைச் சோதித்ததாக ஆகும். அப்படி முறையாகச் செய்த ஆய்வுகள் மிகக் குறைவு. அவற்றிலும் பல இந்தக் கொள்கைக்கு எதிரான முடிவையே தந்திருந்தன.

உங்கள் பாடத்தில் இதன் விளைவு நேரடியாகத் தெரியும். செல் முகவரியில் டாலர் குறி (நகலெடுக்கும்போது முகவரி மாறாமல் நிறுத்துவது) எங்கே வருகிறது என்பதைக் காதால் மட்டும் கேட்டு யாரும் பழக முடியாது. கண்ணால் பார்த்தாக வேண்டும், கையால் போட்டாக வேண்டும். 'கேட்பவர்' என்று ஒருவரை முத்திரை குத்தி 'அ'விடம் அனுப்பினால் அவருக்கு இழப்புதான். முறையைத் தீர்மானிப்பது பாடம். ஏன், எப்போது என்று விளக்க வேண்டியதற்குப் பேச்சு. கையால் செய்து பழக வேண்டியதற்கு டெமோவும் உடனடிப் பயிற்சியும். இதுவா அதுவா என்று முடிவெடுக்க வேண்டிய இடத்துக்கு விவாதம்.

பிரித்தே ஆக வேண்டுமென்றால் முன்னறிவை வைத்துப் பிரியுங்கள். அது ஒன்றுதான் நம்பி எடுக்கக்கூடிய அளவுகோல். 8 கேள்விகள், 10 நிமிடம், தாளில். 'உங்களுக்கு எக்செல் எவ்வளவு தெரியும், 5-க்கு எத்தனை?' என்று கேட்காதீர்கள். எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று அறியாதவர்தான் அதில் தாராளமாக 4 போடுவார். செய்யச் சொல்லிக் கேளுங்கள். உதாரணம்: பி2 செல்லில், ஏ2-வை டி1-ஆல் பெருக்கும் சூத்திரம் இருக்கிறது, டி1-ன் எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்னால் டாலர் குறி போட்டிருக்கிறது. அதை பி3-க்கு நகலெடுத்தால் சூத்திரம் என்னவாகும்? நான்கு விடைகள், ஐந்தாவதாக 'தெரியாது'. அந்த ஐந்தாவது முக்கியம். அது இல்லாவிட்டால் ஊகத்தில் போட்ட சரியான விடை, தெரிந்து போட்டதோடு கலந்துவிடும்.

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். எந்தக் கேள்வி வரை சரியாக வந்து எங்கே நின்றது என்று பாருங்கள். கேள்விகளைப் பாடத்தின் வரிசையிலேயே அடுக்கினால் ஒவ்வொருவரும் தொடங்க வேண்டிய இடம் தாளிலேயே தெரிந்துவிடும்.

நீலமை

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். விருப்பம் வேறு, தேவை வேறு. பார்வைக் குறைபாடு உள்ளவர், காது கேட்காதவர், கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாதவர் யாராவது 24 பேரில் இருக்கலாம். அவர்களுக்கு முறையை மாற்றித்தான் ஆக வேண்டும். பதிவுப் படிவத்திலேயே 'வகுப்பில் உங்களுக்கு என்ன ஏற்பாடு தேவை?' என்று ஒரு வரி வையுங்கள், காரணம் கேட்காதீர்கள். வீடியோவுக்கு எழுத்துவரி (சப்டைட்டில்) இருக்கட்டும். மவுஸில் காட்டுகிற ஒவ்வொன்றுக்கும் கீபோர்டு வழியும் பணித்தாளில் இருக்கட்டும். 'இங்கே க்ளிக் பண்ணுங்க' என்று வாயால் சொல்வதைப் பயிற்றுநர்கள் மூவரும் நிறுத்த வேண்டும். 'மேலே டேட்டா தாவல், அதில் வரிசைப்படுத்தும் சார்ட் (Sort)' என்று பெயர் சொன்னால் திரை தெரியாதவருக்கும் புரியும், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் புரியும்.

மூன்றாம்பெஞ்சு

பயிற்றுநர்கள் பக்கம் வருகிறேன். ஒரு முறை நல்லதா என்பதோடு, அதை இந்த ஆளால் 2 மணி நேரம் தாங்க முடியுமா என்பதையும் கேட்க வேண்டும். விவாதம் நடத்துவது வெளியிலிருந்து சுலபமாகத் தெரியும். உண்மையில் எதிர்பாராத பதிலை அந்த நொடியில் எடைபோட வேண்டிய வேலை அது. புதியவருக்கு அதைவிடக் கடினமானது இல்லை. விரிவுரைக்குத் தயாரிப்பு அதிகம், மேடையில் ஆபத்து குறைவு. செய்முறை வகுப்பில் பாதி வேலை, 24 திரைகளில் எது சிக்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான்.

'அ'வின் பேச்சை மாற்ற முயலாதீர்கள். அதை வெட்டுங்கள். 12 நிமிடத்துக்கு ஒரு ஸ்லைடில் கேள்வி மட்டும் இருக்கட்டும், அதைத் தாண்டாமல் அடுத்த ஸ்லைடுக்குப் போக முடியாதபடி வரிசையில் நடுவே வையுங்கள். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் வகுத்த முறை இதற்குப் பொருந்தும்: கேள்வியைக் காட்டுங்கள், ஒவ்வொருவரும் பேசாமல் விடையைத் தேர்ந்து கையிலிருக்கும் எழுத்தட்டையைத் தூக்கட்டும். சரியான விடை சொன்னவர்கள் 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் விளக்கம் போய்ச் சேரவில்லை, திரும்ப விளக்க வேண்டும். 70-க்கு மேல் என்றால் ஒரு வரியில் காரணம் சொல்லி நகரலாம். இடையில் விழுந்தால்தான் பக்கத்தில் இருப்பவரோடு 2 நிமிடம் வாதாடவிட்டு மறுபடி அட்டை தூக்கச் சொல்ல வேண்டும். 24 பேரில் கணக்கு: 7 அட்டை வரை ஒரு வழி, 8 முதல் 16 வரை இன்னொரு வழி, 17-லிருந்து வேறு வழி. இந்த மூன்று எண்ணையும் 'அ'வின் குறிப்பில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இது கெடுகிற இடம் ஒன்று உண்டு. முதல் தடவை அட்டை தூக்கியதும் சரியான விடையைப் பயிற்றுநர் முகத்திலோ வாயிலோ காட்டிவிட்டால் வாதம் செத்துவிடும். பிறகு ஜோடி ஜோடியாக வேறு கதைதான் பேசுவார்கள்.

'ஆ'வுக்கு, மருத்துவப் பயிற்சியில் புழங்கும் பெய்ட்டனின் நான்கு படி முறை. முதலில் பேசாமல் இயல்பான வேகத்தில் ஒரு தரம் செய்துகாட்டுவது. இரண்டாவது, அதையே நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு படியும் எதற்கு என்று சொல்லிச் செய்வது. மூன்றாவது, கற்பவர் சொல்லச் சொல்லப் பயிற்றுநர் செய்வது. நான்காவது, கற்பவரே சொல்லிக்கொண்டு செய்வது. 'ஆ'வின் வேகத்துக்கு மருந்து மூன்றாம் படியில் இருக்கிறது. யாராவது 'இப்போ பிவட் டேபிள்ல ரீஜியனை வரிசைக்குப் போடுங்க' என்று சொல்லும்வரை அவர் கை மவுஸில் அசையக் கூடாது. கற்பவர் படியை விட்டுவிட்டால் விட்டபடியே செய்துகாட்ட வேண்டும், தானாகச் சரிசெய்யக் கூடாது. தவறான அட்டவணை திரையில் வரும்போதுதான் விட்டது எது என்று மொத்த வகுப்புக்கும் தெரியும். 3 நிமிடச் செயலுக்கு இப்படி 15 நிமிடம் ஒதுக்குங்கள். திரையை 150 சதவீதம் பெரிதாக்கி வையுங்கள். ஷார்ட்கட் அழுத்தும் முன் அதன் பெயரை வாயால் சொல்ல வேண்டும்.

'இ'யிடம் திறந்த விவாதம் கொடுக்காதீர்கள். பணித்தாள் வழியாக நடக்கும் அமர்வைக் கொடுங்கள். தாள் வகுப்பை நடத்தும், அவர் சுற்றி வந்து பார்ப்பார். எங்கே எல்லாரும் தடுக்குகிறார்கள் என்று அவருக்கும் கண் பழகும். முதல் அமர்வுக்கு முன் ஒரு 15 நிமிடப் பகுதியை 3 பேர் முன்னால் நடத்திப் பார்க்கட்டும். பாடத்தில் தெளிவானவர் என்கிறீர்கள், அப்படியானால் பயம் பாடத்தில் இல்லை. கேள்வி கேட்டதும் வரும் அமைதியில்தான். கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அமெரிக்க வகுப்பறைகளில் பதிவுசெய்து பார்த்தபோது ஆசிரியர்கள் கேள்வி கேட்டு சராசரியாக 1 நொடிதான் காத்திருந்தார்கள். அதை 3 நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, தானாக முன்வந்து பேசுகிறவர்கள் கூடினார்கள். 'இ' மனதுக்குள் மூன்று வரை எண்ணட்டும்.

அடிக்குறிப்பு

இந்த இழையில் பணித்தாள், பணித்தாள் என்கிறோம்; அது எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தாள் மோசமாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. வி-லுக்அப்பையே எடுத்துக்கொள்வோம்.

புதியவருக்கு முதல் கணக்கை முழுதாகச் செய்து கொடுங்கள். சூத்திரத்தின் நான்கு உறுப்புகளும் நிரப்பப்பட்டிருக்கட்டும்: எதைத் தேடுகிறோம், எந்த அட்டவணையில், எத்தனையாவது பத்தியிலிருந்து விடை வேண்டும், துல்லியமாகப் பொருந்த வேண்டுமா. ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே காரணம் ஒரு வரியில். விளக்கத்தை அடுத்த பக்கத்தில் வைக்காதீர்கள். கண் அங்கும் இங்கும் ஓடும்போது, ஒரு நேரத்தில் நாலைந்து விஷயம்தான் பிடிக்கிற மனத்தில் பாதி அந்த ஓட்டத்துக்கே செலவாகிவிடும்.

இரண்டாவது கணக்கில் கடைசி உறுப்பு மட்டும் காலி. மூன்றாவதில் கடைசி இரண்டும் காலி. நான்காவதில் கேள்வி மட்டும். பின்னாலிருந்து காலியாக்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது: நிரப்பியதும் உடனே விடை வரும், சரியா தவறா என்று அங்கேயே தெரியும். முதல் உறுப்பைக் காலியாக விட்டால் தவறு மூன்று படி தள்ளித்தான் வெளியே வரும்.

ஐந்தாவது கணக்கு தவறோடு இருக்கட்டும். வி-லுக்அப்பில் இரண்டு பொறிகள் உண்டு, இரண்டையும் வேண்டுமென்றே வையுங்கள். ஒன்று, நான்காவது உறுப்பை விட்டுவிட்டால் எக்செல் அதைத் 'தோராயப் பொருத்தம்' என்று எடுத்துக்கொள்ளும். தேடும் பத்தி ஏறுவரிசையில் இல்லாவிட்டால் பிழைச் செய்தியே இல்லாமல் தவறான விடை வந்து உட்கார்ந்துகொள்ளும். இதுதான் ஆபத்தானது, பார்க்கச் சரியாகவே இருக்கும். இரண்டு, பணியாளர் எண் ஓரிடத்தில் எண்ணாகவும் இன்னோரிடத்தில் உரையாகவும் இருந்தால், கண்ணுக்கு ஒரே 1042 தெரியும், விடை மட்டும் என்-ஏ (#N/A, கிடைக்கவில்லை) என்று வரும். உரையாக இருப்பது செல்லின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், எண் வலப்பக்கம் நிற்கும். நெடுக்காகப் பார்த்தால் அந்த ஒரு வரிசை மட்டும் விலகித் தெரியும். இதை வாயால் சொல்லாதீர்கள். 4 நிமிடம் தேடவிடுங்கள், பிறகு காட்டுங்கள்.

இந்த முழுத் தாளைத் தினமும் வி-லுக்அப் போடுகிறவரிடம் கொடுத்தால் பலன் தலைகீழாகும். காலியுகா, ஸ்வெல்லர் முதலான கற்றல் ஆய்வாளர்கள் 2003-ல் இதைத் தொகுத்து எழுதினார்கள்: புதியவருக்கு உதவும் அதே விளக்கம் அனுபவசாலிக்குத் தடையாகிறது. தன் மனதில் ஏற்கெனவே இருக்கும் வழியையும் தாளில் இருக்கும் வழியையும் வரிக்கு வரி ஒப்பிட்டுக்கொண்டே போவதில்தான் அவர் நேரம் போகும். அவர்களுக்கு ஐந்தாவது கணக்கிலிருந்து தொடங்கும் தாள் வேண்டும். அதாவது ஒரே கோப்பு, இரண்டு நுழைவாயில்.

வகுப்புத்திட்டம்

எல்லாருக்கும் நன்றி. கேள்வித்தாள் யோசனையைக் கைவிடுகிறோம். மூன்று சந்தேகம் மிச்சம்.

1. நேர் வகுப்புக்கு ஒரே அறைதான் இருக்கிறது, பிரித்து உட்கார வைக்க முடியாது. புதியவரையும் அனுபவசாலியையும் ஜோடி சேர்க்கலாமா?
2. முந்தைய பயிற்சிகளின் கருத்துப் படிவங்களில் 'விரிவுரை அருமை, பயிற்சி நேரம் குழப்பம்' என்றே வருகிறது. கற்பவர்களுக்குப் பிடிக்காத முறையை எப்படி நியாயப்படுத்துவது?
3. ஆன்லைன் அமர்வுகளில் எதை வைப்பது?

சாய்வுக்கோடு

ஜோடி பற்றி: அந்த 8 கேள்வியில் ஒன்றும் தெரியாதவரையும் எல்லாம் தெரிந்தவரையும் சேர்க்காதீர்கள். 5 நிமிடத்தில் கீபோர்டு தெரிந்தவர் பக்கம் போய்விடும். புதியவர் பார்வையாளராகிவிடுவார், அதைவிட மோசம், புரிந்ததாகவும் நினைத்துக்கொள்வார். ஒரு படி வித்தியாசம் உள்ளவர்களைச் சேருங்கள். விதி ஒன்றே ஒன்று, மேசையில் எழுதி ஒட்டுங்கள்: குறைவாகத் தெரிந்தவர் கையில் கீபோர்டு, மற்றவருக்கு வாய் மட்டும். மிக நன்றாகத் தெரிந்த நாலைந்து பேரைத் தனியாக ஒரு மேசையில் உட்காரவைத்து, சுத்தம் செய்யப்படாத தரவைக் கொடுத்துவிடுங்கள். கடைசி அமர்வின் பாடம் அது. அவர்கள் முதல் நாளே அதில் இறங்கட்டும்.

படிவம் பற்றி: அது அளப்பது மகிழ்ச்சியை. 2019-ல் டெலோரியே குழுவினர் ஹார்வர்டில் ஒரே இயற்பியல் பாடத்தை ஒரு பாதி மாணவர்களுக்குச் சரளமான விரிவுரையாகவும் மறுபாதிக்குக் கணக்குப் போடும் வகுப்பாகவும் நடத்தினார்கள், பிறகு குழுக்களை மாற்றினார்கள். கணக்குப் போட்டவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் 'எவ்வளவு கற்றீர்கள்?' என்று கேட்டபோது விரிவுரை கேட்டவர்கள்தான் அதிகம் என்றார்கள். சரளமாகக் காதில் விழுந்ததை மனம் புரிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது, தடுமாறிச் செய்ததைத் தெரியாததாக எடுத்துக்கொள்கிறது.

அதனால் முதல் அமர்வில் 5 நிமிடம் ஒதுக்கி இதை அவர்களிடமே சொல்லுங்கள்: 'பயிற்சி நேரத்தில் தடுமாற்றம் வரும், தடுமாறும் இடத்தில்தான் கற்கிறீர்கள்.' படிவத்தில் 'குழப்பம்' என்று வந்தால் அதையும் தள்ளிவிடாதீர்கள். எந்தக் கணக்கில், எந்தப் படியில் என்று கேட்க ஒரு வரி சேருங்கள். 12 பேர் ஒரே படியைச் சொன்னால் கோளாறு தாளில் இருக்கிறது.

மூன்றாம்பெஞ்சு

ஆன்லைனுக்கு. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 24 பேரை மூன்று மூன்றாக ஆன்லைன் கூட்டத்துக்குள்ளேயே சிறு அறைகளாகப் பிரித்தால் 8 அறைகள். ஒரு அறைக்கு 2 நிமிடம் எட்டிப் பார்த்தாலே ஒரு பயிற்றுநருக்கு 16 நிமிடம். 10 நிமிடப் பயிற்சியில் 3 அறைகளுக்கு அவர் போயே சேர மாட்டார். எனவே அறைகளுக்குள் போவதை நம்பாதீர்கள். பகிர்ந்த கோப்பு ஒன்று, அதில் 8 தாள்கள், அறைக்கு ஒன்று. பயிற்றுநர் வெளியிலேயே உட்கார்ந்து தாள் தாளாகப் பார்த்து, நின்றுபோன அறைக்கு மட்டும் போகட்டும். பணி என்ன என்பதையும் அந்தத் தாளின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். அறைகள் பிரிந்ததும் முதன்மைத் திரையில் இருந்த ஸ்லைடு அவர்கள் கண்ணில் படாது. 'என்ன செய்யச் சொன்னாங்க?' என்பதிலேயே 3 நிமிடம் போகும்.

ஆன்லைனுக்குப் பொருந்துவது தரவு சுத்தம் செய்தலும் பிவட் டேபிளின் இரண்டாம் பாதியும். செல் முகவரியை அங்கே வைக்காதீர்கள். முதல் தடுமாற்றத்தில் தோளுக்குப் பின்னால் ஒருவர் நின்று பார்க்க வேண்டும், அது நேரில்தான் நடக்கும். யார் நடத்துவது என்றால் 'அ' வேண்டாம். முகம் தெரியாத கூட்டத்தில் அவர் பேச்சை நிறுத்த எந்தக் குறிப்பும் கிடைக்காது. 'ஆ' நடத்த, 'இ' சாட் (chat) பெட்டியைக் கவனிக்கட்டும்.

வீடியோவை முழுக்க ஒதுக்க வேண்டாம். வராமல் போனவருக்கும் மறந்தவருக்கும் உதவும். ஆனால் 2 மணி நேரப் பதிவை அப்படியே ஏற்றினால் யாரும் பார்க்க மாட்டார்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தின் 69 லட்சம் பார்வைப் பதிவுகளை ஆராய்ந்த 2014-ம் ஆண்டு ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமானாலும் பார்வையாளர்கள் ஒரே மூச்சில் தங்கிய இடைநிலை நேரம் அதிகபட்சம் 6 நிமிடம்தான். ஒரு செயலுக்கு ஒரு வீடியோ, 4 நிமிடம், தலைப்பிலேயே செயலின் பெயர். திரையில் முழு வாக்கியம் எழுதி அதையே வாசிக்காதீர்கள். படிப்பதும் கேட்பதும் ஒன்றோடொன்று மோதும், படம் கவனிக்கப்படாமலே போகும். எழுத்துவரி தேவைப்படுகிறவர் அதை இயக்கிக்கொள்ளும்படி தனியாக இருக்கட்டும்.

அடிக்குறிப்பு

ஒவ்வொரு அமர்வின் முதல் 8 நிமிடத்தையும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். 'போன தடவை என்ன பார்த்தோம்?' என்று பயிற்றுநர் தொகுத்துச் சொல்வது வழக்கம். அங்கே வேலை செய்வது பயிற்றுநரின் நினைவு. பதிலாக வெற்றுத் தாள், 3 கேள்வி, குறிப்பேடு மூடியிருக்க வேண்டும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ல் ஒரு பத்தியை ஒரு குழுவுக்கு மறுபடி படிக்கவும் இன்னொரு குழுவுக்கு நினைவிலிருந்து எழுதவும் கொடுத்தார்கள். 5 நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் மறுபடி படித்தவர்கள் முன்னால். ஒரு வாரம் கழித்து வைத்தால் எழுதியவர்களுக்கு 56 சதவீதம், படித்தவர்களுக்கு 42. உங்கள் அமர்வுகளுக்கு நடுவில் வாரக்கணக்கில் இடைவெளி இருந்தால் இந்த வித்தியாசம் அப்படியே உங்கள் வகுப்பில் தெரியும்.

மூன்று கேள்வியில் இரண்டு போன அமர்விலிருந்து, ஒன்று அதற்கும் முந்தையதிலிருந்து. மதிப்பெண் போடாதீர்கள், தாளை வாங்கவும் வாங்காதீர்கள். ஜோடியோடு ஒப்பிட்டு அவர்களே திருத்தட்டும். பயிற்றுநர் நடந்துகொண்டே எந்தக் கேள்வி காலியாகக் கிடக்கிறது என்று எண்ணினால் போதும்.

வகுப்புத்திட்டம்

முன்தேர்வுத் தாளை முதல் அமர்வுக்கு 4 நாள் முன்னால் அனுப்பப் போகிறோம். ஐந்தாவது விடையாக 'தெரியாது' சேர்த்தாயிற்று. ஒரு கேள்வி: வீட்டிலிருந்து எழுதினால் மென்பொருளைத் திறந்து பார்த்து விடை போட்டுவிட மாட்டார்களா?

சாய்வுக்கோடு

போடுவார்கள். அனுப்பாதீர்கள், பதிவு செய்ய வரும் அன்றே அங்கேயே 10 நிமிடம் உட்கார வைத்து எழுதி வாங்குங்கள். அதற்கு வழியில்லையென்றால் முதல் அமர்வின் தொடக்கத்தில் வையுங்கள். அவர்கள் அடுத்த 15 நிமிடம் 'அ'வைக் கேட்கும்போது 'இ'யும் 'ஆ'வும் 24 தாளையும் திருத்திவிடலாம்; ஆளுக்கு 12 தாள், ஒரு தாளுக்கு 1 நிமிடம். எந்தக் கேள்வியில் நின்றார் என்ற எண்ணை மட்டும் தாளின் மூலையில் எழுதுங்கள். மேசை மாற்றுவதற்கு அந்த ஒரு எண் போதும்.